ஒரு கண்ணில் வெண்ணெயா?

நல்ல சொல் வளரும் பிள்ளைக்கு உணவு போன்றது. இதை அறியாத பெற்றோர் நம்மில் இல்லை. ஆயினும், சோற்றையும் குழம்பையும் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது காட்டும் கவனத்தை, நல்ல சொல்லைப் பங்கிடும்போது நாம் காட்டுகின்றோமா என்பது ஐயத்திற்குரியதே. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், தெருவில் அடைபட்டுக் கிடந்த வாய்க்காலைத் தோழர்களோடு சேர்ந்து தூர்வாரினால், ஊர் அவனைக் கைதட்டிப் பாராட்டுகிறது. அதே வயதுடைய பெண், அதே தெருவில் படுக்கையில் கிடக்கும் பாட்டி ஒருத்திக்கு மூன்று மாதம் கஞ்சி காய்ச்சி ஊட்டினால், "நல்ல பெண்" என்னும் இரண்டு சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பல வேளைகளில் அந்த இரண்டு சொற்களும் வருவதில்லை.

இதைக் கண்டு மனம் வருந்துவோர் சிலர், "பையன்களுக்கு மட்டும் எடுக்கும் இப்பாராட்டு விழாக்கள் பெண்பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதியே, இவற்றை நிறுத்திவிட்டால் என்ன?" என்று கேட்கின்றனர். வேறு சிலரோ, "நல்லது செய்தவனை நாலு பேர் பாராட்டுவதிலும் ஆண், பெண் என்று கணக்குப் பார்ப்பதா?" என்று சலித்துக்கொள்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரே பங்கில், சில வேளைகளில் ஒரே வீட்டில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பவர்கள். ஆகவே, இக்கேள்வியைச் சினமின்றி ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நம் குடும்பங்களுக்கு நலம் பயக்கும் என்று கருதுகிறேன்.

என்னை இவ்வாறு எண்ண வைத்தது ஒரு புயல்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. காவிரியின் கடைமடையில் வாழும் எங்களுக்கு அந்த இரவை மறப்பது எளிதன்று. முப்பது, நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளைப் போல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. ஓடுகள் பறந்தன. மின்கம்பங்கள் முறிந்து வயல்களில் கிடந்தன. பொழுது விடிந்தபோது எங்கள் ஊருக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே இருந்த சாலையைக் காணவில்லை; மரங்களே கிடந்தன.

அன்று எங்கள் ஊர்ப் பையன்கள் செய்த தொண்டை நான் கண்ணாரக் கண்டேன். அரிவாளும் கோடரியும் கயிறுமாகப் புறப்பட்டவர்கள் இரண்டு நாளில் சாலையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் லாரி ஊருக்குள் வந்ததும், கைக்குழந்தைக்காரி ஒருத்தியை மருத்துவமனைக்கு அனுப்ப முடிந்ததும் அவர்களால்தான். தனியே இருந்த முதியவர்களின் கூரைமீது ஏறித் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார்கள். ஜெனரேட்டர் வைத்து நீர் இறைத்த இடத்திலிருந்து குடங்குடமாகச் சுமந்தார்கள். பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதினர். உள்ளங்கை கொப்புளித்ததைப் பொருட்படுத்தாமல் உழைத்தார்கள்.

அதே நாள்களில் எங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டடத்தில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. வீடிழந்த குடும்பங்கள் அங்கேதான் தங்கியிருந்தன. முதல் நாள் காலையிலிருந்தே பெண்பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். மின்சாரம் இல்லாததால் மிக்ஸியும் கிரைண்டரும் பயனற்றுப் போக, அம்மியில் அரைத்தார்கள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தார்கள். அழும் குழந்தைகளை இடுப்பில் சுமந்தார்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்துண்ணும் முதியவர்களிடம், "மாத்திரை போட்டீர்களா?" என்று நாள்தோறும் கேட்டு நின்றார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நிவாரண விண்ணப்பத்திற்காக ஒவ்வொரு குடும்பத்தின் குடும்ப அட்டை எண்ணையும், இடிந்த சுவரையும், விழுந்த மரங்களின் எண்ணிக்கையையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். சாலை இரண்டு நாளில் திறந்தது. பள்ளிக்கூடத்து அடுப்போ மூன்று வாரம் அணையவில்லை.

அடுத்த தைப்பொங்கலை ஒட்டி, ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடிப் பாராட்டு விழா ஒன்று எடுத்தார்கள். பதினான்கு பையன்களுக்குப் பொன்னாடை போர்த்திச் சான்றிதழ் வழங்கினார்கள். நிழற்படம் எடுத்தார்கள். பேசியவர்கள் அனைவரும் "நம் சிங்கங்கள்" என்றே பேசினார்கள். பெண்பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் நினைவுக்கு அது வரவேயில்லை. விழாவுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அந்தப் பெண்பிள்ளைகளே.

நிகழ்ச்சி முடிந்து திரும்புகையில் என் தங்கை மகள் என்னோடு நடந்து வந்தாள். அவளும் அந்த அடுப்படியில் மூன்று வாரம் நின்றவள். நெடுநேரம் பேசாமல் வந்தவள், "மாமா, எங்களுக்குப் பொன்னாடை வேண்டாம். நாங்களும் அங்கே இருந்தோம் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்றாள். அவள் குரலில் பொறாமை இல்லை, வியப்பே இருந்தது. இருந்தும் இல்லாதவர்களாகிப் போனது எப்படி என்பதே அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் கடைத்தெருவில், பொன்னாடை பெற்ற பையன் ஒருவனின் தாயைச் சந்தித்தேன். அவன் படிப்பில் பின்தங்கியவன். ஊர் வாயில் 'உருப்படாதவன்' என்னும் பெயர் பெற்றவன். "வாத்தியாரையா, பிறந்ததிலிருந்து அவன் காதில் விழுந்ததெல்லாம் வசவுதான். நேற்றுத்தான் நாலு பேர் முன்னால் அவனை நல்லவன் என்று சொன்னார்கள். சான்றிதழை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறான். ஐ.டி.ஐ.யில் சேர்ந்து மின்வேலை படிக்கப் போகிறேன் என்கிறான்" என்று கூறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவ்விரண்டும் ஒரே விழாவின் விளைவுகள். ஒன்றை உண்மை என்று ஏற்று, மற்றொன்றைப் பொய் என்று தள்ள என் மனம் இடந்தரவில்லை. அந்தப் பையனுக்குக் கிடைத்த நல்ல சொல் அநீதி என்று எப்படிக் கூறுவது? அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத நல்ல சொல் அற்பம் என்று எப்படிக் கூறுவது?

முதலில், பையன்களின் தொண்டு கண்ணில் படுவதும் பெண்பிள்ளைகளின் தொண்டு படாததும் ஏன் என்று பார்ப்போம். 1986-ஆம் ஆண்டில் ஆலிஸ் ஈக்லி, மோரீன் குரோலி என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர், பிறருக்கு உதவுவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு பற்றி அதுவரை நடந்திருந்த ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே திரட்டி ஆராய்ந்தனர். மேலோட்டமாகப் பார்த்தால், ஆண்களே அதிகம் உதவுகிறார்கள் என்பதுதான் முடிவு. ஆனால் அவ்விருவரும் அதோடு நிற்கவில்லை. அவ்வாய்வுகள் எதை அளந்தன என்று கேட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை, முன்பின் அறியாதவர்களைச் சிறுபொழுது சந்திக்கும்போது செய்யும் உதவியையே அளந்திருந்தன. வீட்டிலும் உறவிலும் நட்பிலும் நாள்தோறும் செய்யும் உதவி அந்தத் தராசில் ஏற்றப்படவேயில்லை. மேலும், பிறர் பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களில் ஆண்களின் முந்துதல் கூடுதலாக இருந்தது என்பதையும் அவர்கள் சுட்டிக் காட்டினர்.

2004-இல் அதே ஈக்லி அம்மையார், செல்வின் பெக்கர் என்பாரோடு சேர்ந்து வீரச்செயல்களைப் பற்றி எழுதினார். தன் உயிரைப் பொருட்படுத்தாது பிறர் உயிரைக் காத்தவர்களுக்கு வழங்கப்படும் கார்னகி பதக்கம், 1904-இல் நிறுவப்பட்ட நிதியத்தின் பெயரால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கப்படுவது; அதைப் பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஆனால், இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தவர்கள், உயிரோடிருக்கும்போதே தம் சிறுநீரகத்தைக் கொடுத்தவர்கள் ஆகியோரைக் கணக்கிட்டால், பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவோ அவர்களைவிட மிகுதியாகவோ இருந்தனர். ஆற்றில் குதிப்பதற்குச் சில நொடிகளின் துணிவு போதும். ஒளித்துவைத்தவர்களுக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் துணிவு வேண்டும். முன்னது கரையில் நிற்போர் அனைவரும் காணும் செயல். பின்னது எவரும் காணாதவரையில்தான் வெற்றி பெறும் செயல்.

எங்கள் ஊர்க் கதையும் இதுவே. சாலையில் விழுந்த மரத்தை அகற்றினால், அகற்றப்பட்ட சாலை கண்முன் நிற்கிறது. சமைத்த சோறு உண்ணப்பட்டவுடன் மறைகிறது. துடைத்த மூக்கு மறுபடியும் ஒழுகுகிறது. முடிந்துவிட்டது என்று காட்ட முடியாத வேலைக்கு விழா எடுக்க நாம் பழகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலை எது என்பதைவிட, யார் முன்னிலையில் அது நடக்கிறது என்பதே நம் கண்ணுக்குப் பெரிதாகிறது. திருவிழா நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும்போது அண்டாவைக் கிளறுபவர் ஆண். அவருக்கு மாலை விழுகிறது. வீட்டில் நான்கு பேருக்கு ஆண்டின் 365 நாளும் சமைப்பவள் பெண். அதற்குப் பெயர் கடமை. அடுப்பு ஒன்றுதான், அரிசியும் ஒன்றுதான். வாசலுக்கு வெளியே நடந்தால் அது தொண்டு. உள்ளே நடந்தால் அது வழக்கம்.

அப்படியானால் பெண்பிள்ளைகளும் வெளியே வந்து செய்ய வேண்டியதுதானே என்று கேட்கலாம். வர விடுகின்றோமா என்பதே என் மறுகேள்வி. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையை நம்மில் மூத்தவர் எவரும் மறக்க இயலாது. மறு ஆண்டு மார்ச்சில் ஆக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் ஆண்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பெண்கள் இறந்தார்கள் என்று கூறியது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் பெண்களுக்கு நீந்தவோ மரமேறவோ கற்றுத்தராததும், கையிலும் இடுப்பிலும் குழந்தைகளோடு அவர்கள் ஓட நேர்ந்ததும் அதற்குரிய காரணங்களுள் சில. நீந்தத் தெரியாதவள் தன்னையே காத்துக்கொள்ள இயலாதபோது பிறரை எங்ஙனம் காப்பாள்? பொழுது சாய்ந்தால் வெளியே போகக் கூடாது, கூரைமேல் ஏறக் கூடாது, ஆண்கள் கூடும் இடத்தில் நிற்கக் கூடாது என்று ஆயிரம் வேலிகளை நாமே போட்டுவிட்டு, வேலிக்கு அப்பால் நின்று உழைத்தவனை மட்டும் பாராட்டுகிறோம். பாராட்டில் உள்ள ஏற்றத்தாழ்வுக்கு அடியில், அனுமதியில் உள்ள ஏற்றத்தாழ்வு இருக்கிறது.

நேரத்திலும் அவ்வாறே. நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல், மக்கள் ஒரு நாளின் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர்; ஆண்கள் 26 பேர். ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது இவ்வெண்கள் 289-ஆகவும் 88-ஆகவும் இருந்தன. இதற்கு விளக்கம் தேவையில்லை. வீட்டில் தங்கையும் அக்காவும் அம்மாவும் தாங்கிக்கொள்வதால்தான் தம்பிக்கு ஊருக்கு உழைக்க நேரம் கிடைக்கிறது. அவன் போர்த்திக்கொண்ட பொன்னாடையில் அவர்கள் நூற்ற இழையும் உண்டு.

இவ்வளவும் கூறியபின், பையன்களைப் பாராட்டுவதை நிறுத்திவிடலாமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பையன்களை நம் சமூகம் ஐயக்கண்ணோடுதான் பார்க்கிறது. நாலு பேர் சேர்ந்து நின்றால் "எதற்குக் கூடி நிற்கிறீர்கள்?" என்று அதட்டுகிறது. உடலில் வலிமை பெருகும் காலம் அது. தான் எதற்காவது பயன்படுபவன் என்று அறிந்துகொள்ளத் துடிக்கும் காலமும் அதுவே. அந்த வலிமைக்கு நாம் நல்வழி காட்டி, நல்ல சொல்லும் சொல்லாவிட்டால், வேறு எவராவது சொல்லிக்கொள்வார்கள். நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினாலும், சாலையில் மோட்டார் சைக்கிளைப் பறக்கவிட்டாலும் கைதட்டுவதற்கு ஆள் இருக்கிறது. வாய்க்கால் தூர்வாரியவனுக்குக் கைதட்ட நாமும் இல்லையென்றால், அவன் எந்தக் கைத்தட்டலைத் தேடிப் போவான்? ஊருக்கு உழைப்பது ஆண்மைக்கு அழகு என்று ஒரு பையன் கற்றுக்கொள்வது சிறிய பேறு அன்று.

சாரணர் இயக்கத்தின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் பையன்களுக்காகத்தான் முதல் முகாமை நடத்தினார். பிறருக்கு உதவுவதை ஒரு பையனின் பெருமையாக்கியது அவ்வியக்கம். ஈராண்டுக்குப் பின் 1909-இல் இலண்டனின் படிகமாளிகையில் சாரணர் பேரணி நடந்தபோது, அழையாமலே ஒரு கூட்டம் சிறுமியர் அங்கு வந்து நின்று, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டனர். பையன்களின் இயக்கத்தைக் கலையுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மறு ஆண்டே பேடன் பவலின் சகோதரி ஆக்னஸின் துணையோடு சாரணியர் இயக்கம் தோன்றியது. நம் வழிபாட்டிலும் இதையொத்த ஒன்று நடந்துள்ளது. பீடப் பணி நெடுங்காலம் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. 1994-இல் ஆயர்கள் விரும்பினால் சிறுமியரையும் அனுமதிக்கலாம் என்று உரோமை தெளிவுபடுத்தியது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிநிலைகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். சிறுமியர் பீடத்தருகே வந்ததால் சிறுவர்கள் விரட்டப்படவில்லை.

"திராட்சைத் தோட்ட உவமையில், ஒருவருக்குத் தாராளமாகக் கொடுத்ததால் மற்றவருக்கு அநீதி இல்லை என்றல்லவா நிலக்கிழார் கூறுகிறார்?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நல்ல வாதந்தான். ஆனால் அவ்வுவமையை முழுதும் வாசித்துப் பாருங்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். பகலெல்லாம் உழைத்தவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, மற்றவனுக்கு மட்டும் கூலி கொடுத்ததாக அங்கே இல்லை. எங்கள் ஊர் விழாவில் நடந்ததோ அதுதான். ஆகவே, அநீதி பாராட்டில் இல்லை; பாராட்டு நின்றுவிட்ட இடத்தில் இருக்கிறது.

அப்படியானால் பெண்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்திவிட்டால் கணக்குச் சரியாகிவிடுமா? அதிலும் ஓர் ஆபத்து உண்டு. பெண்களை நாம் பாராட்டவே இல்லை என்று கூற முடியாது. "பொறுமையின் சிகரம்", "தனக்கென்று ஒன்றும் கேளாதவள்" என்றெல்லாம் பாராட்டத்தான் செய்கிறோம். இப்பாராட்டுகளுள் ஒரு விலங்கு ஒளிந்திருக்கிறது. கேளாமலிருப்பதற்காகவே பாராட்டப்பட்டவள், பிறகு எதைக் கேட்டாலும் பெயர் கெடுகிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் இழப்பைப் பிழையின்றிப் பதிவு செய்த அந்தப் பிளஸ் டூ மாணவியை, "அடக்கமான பெண்" என்று பாராட்டினால் அது பாராட்டாகுமா? "கணக்கிலும் எழுத்திலும் உனக்குத் திறமை இருக்கிறது, நீ மேலே படித்து ஊரை நிருவகிக்க வர வேண்டும்" என்பதன்றோ அவள் செய்ததற்குரிய பாராட்டு? பையனைப் பாராட்டும்போது அவனுக்கு வாசல் திறக்கிறோம். பெண்ணைப் பாராட்டும்போது வாசலைச் சாத்திவிடலாகாது.

பையன்களைப் பாராட்டும் முறையிலும் திருத்தம் வேண்டும். பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தவன், உண்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழ, அதை அவன் தங்கை கழுவினால், அவன் கற்றுக்கொண்ட தொண்டு எத்தகையது? பிறர் காணச் செய்வதே உதவி, காணாத இடத்தில் செய்வது தனக்குரியதன்று என்று அவன் மனத்தில் பதிந்துவிட்டால், நாம் அவனுக்குத் தீங்கு செய்தவர்களாவோம். நாளை அவன் கணவனாவான், தகப்பனாவான், முதிய பெற்றோரைப் பேண வேண்டியவனாவான். அவ்வேலைகளுக்குச் சான்றிதழ் கிடைக்காது. கைத்தட்டல் இல்லாமலும் கைகொடுக்கப் பழகாதவன் அன்று தடுமாறுவான்.

ஆகவே நம் குடும்பங்களும் பங்குகளும் செய்யக்கூடிய சிலவற்றைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, பாராட்டுவதற்குமுன் பட்டியல் எழுதுவோம். ஒரு திருவிழாவோ, ஒரு வெள்ளமோ, ஒரு மருத்துவ முகாமோ முடிந்தவுடன், "யார் யார் என்னென்ன செய்தார்கள்?" என்று ஆண்களும் பெண்களுமாக அமர்ந்து எழுத வேண்டும். மேடையில் இருப்போர் மட்டும் எழுதினால், மேடையிலிருந்து தெரிந்தது மட்டுமே பட்டியலில் ஏறும். கோவிலைப் பெருக்கியவர், பூ கட்டியவர், சமைத்தவர், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர், கணக்கு எழுதியவர் ஆகிய அனைவரும் அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, பாராட்டைச் செயலுக்குரியதாக்குவோம். "சிங்கம்", "தங்கம்" என்பதை விடுத்து, "இரண்டு நாளில் சாலையைத் திறந்தான்", "மூன்று வாரம் அறுபது பேருக்கு உணவளித்தாள்" என்று நடந்ததை நடந்தவாறு கூறுவோம். நடந்ததைக் கூறத் தொடங்கினால், எவர் விடுபட்டார் என்பதும் தானே தெரியும்.

மூன்றாவது, வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்போம். அடுத்த திருவிழாவில் பையன்கள் பாத்திரம் துலக்கட்டும். பெண்பிள்ளைகள் ஒலிபெருக்கியையும் வரவு செலவையும் கவனிக்கட்டும். மிதிவண்டியும் நீச்சலும் முதலுதவியும் இருபாலாருக்கும் கற்பிக்கப்படட்டும். கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் வாழும் குடும்பங்கள் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தருவதை ஒருநாளும் தள்ளிப்போடலாகாது. அது உயிர் பற்றியது.

நான்காவது, வீட்டிலிருந்து தொடங்குவோம். மகன் வெளியே நற்பணிக்குப் புறப்படும்போது, அவன் பங்கு வீட்டுவேலையை மகளின் தலையில் ஏற்றி அனுப்பாதிருப்போம். மகள் புறப்படும்போது மகன் அடுப்படியில் நிற்கட்டும். இரவு செபத்திற்குப் பின், அன்று வீட்டில் எவர் எவருக்கு உதவினார் என்று ஒருவருக்கொருவர் ஒரு சொல் கூறி நன்றி சொல்லும் வழக்கத்தை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பின்பற்றி வருகிறது. அதற்குப் பணமும் மேடையும் தேவைப்படவில்லை.

வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கும்போது இப்பாராட்டுப் பேச்செல்லாம் எதற்கு என்று எவரேனும் கேட்கலாம். அது கொடுப்பவனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. பெற்றவன் நன்றி மறக்கலாம் என்பதற்கு அது சான்றாகாது. பெத்தானியாவில் நறுமணத் தைலத்தோடு வந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். விருந்தில் இருந்தோர் அவள்மேல் சீறினார்கள். ஆண்டவரோ அவளுக்காகப் பேசினார். நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் அவள் செய்தது நினைவுகூரப்படும் என்று எல்லாருக்கும் முன்பாக உரைத்தார். அவள் புகழைத் தேடி வரவில்லை. அவர் புகழாமலும் விடவில்லை.

ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பது தாய்க்கு அழகன்று என்பர். அதற்காக, வெண்ணெய் வைத்த கண்ணிலிருந்து அதைத் துடைத்தெடுக்கச் சொல்வாரும் இல்லை. பையன்களைப் பாராட்டுங்கள், மனம் நிறையப் பாராட்டுங்கள். அந்தப் பாராட்டுக்குரிய நாளைக் குறிப்பதற்குமுன், தேநீர் கொண்டுவரப் போகிறவர்கள் யார் என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள். அவர்களுடைய பெயர்களும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், விழாவை ஒரு வாரம் தள்ளிவைத்தாலும் குற்றமில்லை.